சிவப்பணுவும் தசைநலிவும்

சிவகாசியை அடுத்து வாழும் மாணவர்களுக்குப் பட்டாசின் இயல்பைக் கூறவேண்டுவதில்லை. திரியில் தீப்பட்டதும் மருந்தில் அடங்கிய ஆற்றல் நொடியில் வெளிப்பட்டுவிடுகிறது. நம் உடலின் உயிரணுக்களோ, சர்க்கரையைப் படிப்படியாகச் சிதைத்து, வரும் ஆற்றலை 'ஏ.டி.பி.' என்னும் பொருளில் சேர்த்துச் சிறுகச் சிறுகச் செலவிடுகின்றன.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், பின்னர் அமெரிக்காவில் ஃபிஸ்க் என்பாருடன் ஆராய்ந்து, தசையிலுள்ள ஃபாஸ்ஃபோகிரியேட்டின் என்ற ஆற்றற் சேமிப்பை 1927-இல் வெளியிட்டார், 1929-இல் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தோருள் அவரும் ஒருவர்.

இரத்தச் சிவப்பணுவின் சிக்கனம் வியப்புக்குரியது. உடலெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் அது, தன் ஆற்றலுக்காக அதைச் சிறிதும் பயன்படுத்துவதில்லை. ஒரு குளுகோஸ் மூலக்கூற்றிலிருந்து அது பெறும் ஆதாயம் இரண்டே ஏ.டி.பி. மூலக்கூறுகள். அவ்வருவாயைக் கொண்டு சோடியத்தை வெளியேற்றி, பொட்டாசியத்தைக் காத்து, ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது.

டூஷேன் தசைநலிவு பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும் மரபுநோய். உடலின் எல்லா அணுக்களின் சவ்விலும் குறையிருக்குமோ என்று முன்னர் ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். தசையை அறுத்தெடுப்பதினும் இரத்தம் எடுப்பது எளிதன்றோ? எனவே நோயாளரின் சிவப்பணுக்களில் ஆற்றற் செலவையும் சவ்வின் செயலையும் அளந்தனர். முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 1986-இல் மரபணுவும், 1987-இல் அது உண்டாக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதமும் அறியப்பட்டபின் தெளிவு பிறந்தது. தசையணுவின் சவ்வைத் தாங்கும் அப்புரதம் இன்மையே நோயின் வேர். சிவப்பணுவின் சவ்வைத் தாங்கும் ஸ்பெக்ட்ரின் அதற்கு உறவுடைய வேறொரு புரதம்.

ஆயினும் இரத்தம் நமக்குச் சான்று கூறவே செய்கிறது. சுப்பாராவ் கண்ட ஃபாஸ்ஃபோகிரியேட்டினைக் கையாளும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கசிந்து மிகுந்துவிடும். எளிய இரத்தச் சோதனையில் அது புலப்படும். நோயை உறுதிசெய்வது மரபணுச் சோதனை.

மாணவர்களுக்கு நான் வலியுறுத்த விரும்புவது இது: அடிக்கடி விழும், படியேறத் தயங்கும், தன் தொடைகளில் கையூன்றி எழும் சிறுவனைச் சோம்பேறி என்று எள்ளாதீர்கள். அவன் தாயையும் பழிக்காதீர்கள். எவர் குற்றமும் இதிலில்லை. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லையெனினும், ஸ்டீராய்டு மருந்தும் தக்க பயிற்சியும் நலிவைத் தாமதப்படுத்தும். காலத்தே மருத்துவரிடம் அனுப்பும் ஒரு சொல், அக்குடும்பத்துக்குச் சில ஆண்டுகளையேனும் ஈட்டித் தரும்.