முடங்கிய ரேஷன் கார்டும் நம் கடன் நோட்டும்

மாத முதல் வாரத்தில் வாடிக்கைக்காரர் ஒருவர் கடைக்கு வருகிறார். வழக்கமாக நம்மிடம் வாங்காத சர்க்கரை, பாமாயில், துவரம் பருப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நோட்டுல எழுதிக்குங்க அண்ணாச்சி, ரேஷன் கார்டு லாக் ஆயிடுச்சு" என்கிறார். நாமும் எழுதிக்கொள்கிறோம். அடுத்த மாதமும் அதே கதைதான்.

ரேஷன் கடை நமக்குப் போட்டி என்று நினைக்கும் வியாபாரிகள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியல்ல. தமிழ்நாட்டில் ரேஷன் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்; அரிசி இலவசம். அது நின்றால் அந்தக் குடும்பத்துக்குக் கூடுதல் பணம் எங்கிருந்து வரும்? சில்லறைக் கடையில் பாக்கி ஏறும்; அங்கே ஏறினால் மொத்தக் கடையிலும் ஏறும். ஆகவே முடங்கிய கார்டைத் திறக்க வழி சொல்வது தர்மம் மட்டுமல்ல, வியாபாரமும்கூட.

முடக்கம் வேறு, ரத்து வேறு. "போச்சு" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் முதலில் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். ரேஷன் கடை விற்பனையாளரிடம் கேட்கலாம். கட்டணமில்லா எண் 1967-இல் கேட்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் (சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகம்) நேரில் கேட்கலாம். காரணத்துக்குத் தக்கபடி வழியும் மாறும்.

1. கைரேகை பதியாமை: இது முடக்கமே அல்ல. சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் வேலை செய்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். கார்டில் பெயருள்ள வேறொருவர் விரல் வைக்கலாம். கருவிழிக் கருவி உள்ள கடையில் கண்ணைக் காட்டலாம். பதிவு செய்த போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லியும் வாங்கலாம். நடக்க முடியாதவர்கள், வேறு ஆளை நியமிக்கும் அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம்.

2. போன் எண் மாறியது: பழைய எண்ணுக்கே ஓ.டி.பி. போய்க்கொண்டிருக்கும். வட்ட வழங்கல் அலுவலகத்தில் புது எண்ணைப் பதிய வேண்டும்.

3. உறுப்பினர் சரிபார்ப்பு: முன்னுரிமை, அந்தியோதயா கார்டுகளில் உள்ள ஒவ்வொருவரும் விரல் ரேகை வைத்து ஆதாருடன் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை இதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை. இருக்கும் ஊர் ரேஷன் கடையிலேயே செய்துகொள்ளலாம்.

4. பல மாதம் பொருள் வாங்காமை: மத்திய அரசு 2025 ஜூலையில் திருத்திய ஆணைப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வாங்காத கார்டைத் தற்காலிகமாக நிறுத்தி, மூன்று மாதத்துக்குள் வீட்டுக்கு வந்து விசாரித்துத் தகுதியை முடிவு செய்ய வேண்டும்.

இந்த நான்காவதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு கடைக்காரர், 700 ரூபாய் பாக்கிக்காக ஒரு குடும்பத்தின் கார்டைக் கல்லாவில் வைத்திருந்தார். மாதங்கள் ஓடின, பாக்கியும் வரவில்லை, ரேஷனும் அவர்கள் வாங்கவில்லை. பேரேடு பார்க்கப் போன இடத்தில் எங்கள் கண்ணில் பட்டது. "இந்தக் கார்டு உள்ளே இருக்கும்வரை அவர்கள் கையில் காசு தங்காது, காசு தங்காவிட்டால் உமது பாக்கி எப்படி வரும்?" என்று கேட்டோம். அன்றே கொண்டுபோய்க் கொடுத்தார். பாக்கி சிறுகச் சிறுக வந்து தீர்ந்தது. கார்டை அடகு பிடிப்பதும், ரேஷன் அரிசியைப் பாக்கிக்கு ஈடாக வாங்குவதும் வேண்டவே வேண்டாம். ரேஷன் அரிசி கடையில் பிடிபட்டால் 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் நம்மீதுதான் பாயும்.

இது சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் நின்றுபோயிருந்தது. பட்டினிதான் காரணம் என்றார்கள் வீட்டார். அரசுத் தரப்பு மறுத்தது. அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மனு கொடுக்கப் போகிறவர்கள் இதைத் தைரியமாகச் சொல்லலாம். மனு கொடுத்தால் ரசீதும் கேட்டு வாங்க வேண்டும்.

அங்கத்தினர்கள் ஒரு காரியம் செய்யலாம். 1967 என்ற எண்ணையும், தங்கள் வட்ட வழங்கல் அலுவலக முகவரியையும் ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிடுங்கள். "கடன் இல்லை" என்று எழுதிய பலகையைவிட, நம் கடனைக் குறைப்பதில் இதற்கே பலன் அதிகம்.