ஈரலழற்சி 'சி'யும் அதனைத் தீர்க்கும் குளிகையும்

மருந்து இல்லாமையால் மாந்தர் மடிவது துயரம். மருந்து இருந்தும் நோயுண்டென்று அறியாமையால் மடிவது அதனினும் பெருந்துயரம். ஈரலழற்சி 'சி' இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

நம்மூரார் செங்கண்மாரி என வழங்குவது ஈரல் பழுதுற்றமைக்கு ஓர் அறிகுறியாகும். ஈரலழற்சி 'சி'யிலோ அவ்வறிகுறியும் பெரும்பாலும் தோன்றுவதில்லை. குருதி வழியே புகும் இவ்வைரசு, தொற்றியவருள் பத்தில் ஏழு பேரளவில் நிலைத்துவிடுகின்றது. பல ஆண்டுகள் ஓசையின்றி ஈரலை அரித்து, சிலருக்கு ஈரற்சுருக்கத்தையும் புற்றுநோயையும் விளைவிக்கின்றது.

1989ஆம் ஆண்டில் மைக்கேல் ஹௌட்டனும் உடனுழைத்தோரும் இவ்வைரசை இனங்கண்டனர். முன்னர் வழங்கிய இன்ரபெரோன் ஊசிமருந்து, ஓராண்டு வரையிற் காய்ச்சலும் மனச்சோர்வும் தந்து, ஏறத்தாழப் பாதிப்பேரையே குணப்படுத்திற்று. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சொபொஸ்புவிர் என்னும் குளிகை அந்நிலையை மாற்றியது.

வைரசு, ஈரற் கலங்களினுள் தன் மரபுச் சங்கிலியை வளையம் வளையமாகக் கோத்துப் பெருகுகின்றது. நம் துறைமுகத்து நங்கூரச் சங்கிலியைச் செய்யுங்கால், அடுத்த வளையம் மாட்ட இயலாத போலி வளையமொன்று புகுந்தால் வேலை அவ்விடத்தே நின்றுவிடுமன்றோ? இம்மருந்தும் அத்தகைய போலி வளையமே. தக்க துணைமருந்துடன் பொதுவாக 12 வாரம் உட்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேற் குணமடைவர்.

தொடக்கத்தில் அமெரிக்காவிற் குளிகை ஒன்றின் விலை 1,000 டொலர்! 2014இல் உரிமையாளரான கிலியட் நிறுவனம், இலங்கை உட்பட 91 நாடுகளில் விற்பதற்காக இந்திய மருந்தாலைகள் சிலவற்றுக்கு உரிமம் அளித்தபின் விலை பன்மடங்கு வீழ்ந்தது. 2018இல் இந்திய அரசு இலவசச் சிகிச்சைத் திட்டத்தையும் தொடங்கிற்று. இருந்தும், 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ 2,42,000 பேர் இந்நோயால் இறந்தனரென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. தம் நோயை அறியாதிருப்போர் பலராயிருத்தலே இதற்குப் பெருங்காரணம்.

நம் நாட்டில் இந்நோய் அரிது; தானக் குருதியும் சோதிக்கப்படுகின்றது. ஆயினும் அச்சோதனை உலகில் வழக்குக்கு வந்தது 1990 அளவிலேயே. அதற்குமுன் குருதி ஏற்றப்பெற்ற பழைய மாணவரும், நோய் மிகுந்த பிறநாடுகளில் ஊசியோ அறுவையோ பெற்றவரும் வைத்தியரை அணுகி ஒருமுறை சோதித்தறிதல் நன்று. முதற்சோதனை வைரசு என்றேனும் புகுந்ததா என்பதையும், அடுத்தது அஃது இன்னும் உளதா என்பதையும் காட்டும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. குணமடைந்தவரையும் இது மீண்டும் தொற்றலாம். ஆகவே ஊசியின் தூய்மையிலும் சவரக்கத்தியின் தூய்மையிலும் இளைய மாணவர் என்றும் கருத்தாயிருப்பாராக.