சாட்சிக் கூண்டில் ஏறாத பவர் பத்திரம்

சிறையில் மகனைப் பார்த்துவிட்டு வரும் தாய்க்கு இந்தச் சந்தேகம் எழுவது இயல்பு: பவர் பத்திரம் எழுதி வாங்கினால் அவனுடைய விவாகரத்து வழக்கைத் தானே நடத்திவிடலாமா?

ஓரளவுக்குத்தான். வக்கீல் அமர்த்தலாம், ஆவணங்களில் கையெழுத்திடலாம். ஆனால், பவர் இருக்கிறது என்பதற்காக வழக்கறிஞரைப் போல வாதாடிவிட முடியாது.

பெரிய தடை சாட்சியம். ஜானகி வஷ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அது வங்கிக் கடன் வழக்கு. தீர்ப்பின் அடி மட்டும் குடும்ப நீதிமன்றம் வரை வந்து விழுகிறது. எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயங்களை, பவர் பெற்றவர் அவருக்காகச் சாட்சி சொல்ல முடியாது. நான்கு சுவருக்குள் கணவனும் மனைவியும் பட்ட வேதனையை மூன்றாம் மனிதர் எப்படிச் சொல்வார்? தாய் கண்ணால் கண்டதை, தன் சாட்சியமாகச் சொல்லலாம், அவ்வளவே.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் கதவு சற்று அகலம். தக்க காரணம் இருந்தால் காணொலி வழியாகவும், பெற்றோர், உடன்பிறந்தோர் மூலமாகவும் நடத்த நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றது 2017-ன் அமர்தீப் சிங் தீர்ப்பு.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்றும் உண்டு: காவலில் இருப்பவருக்கு 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவசமாக வக்கீல் கிடைப்பார்.