ஓதமில்லாத நீரில் தூண்டில்

மட்டாஞ்சேரியில் மீன் பிடிப்பவர்கள் நேரம் பார்ப்பது ஓதத்தை வைத்து. வேலியேற்றத்தில் கடல் அழிமுகம் வழியாக உள்ளே ஏறும். வற்றத்தில் காயல் வெளியே இறங்கும். சீன வலைக்காரர்கள் வலையைத் தாழ்த்துவதும் தூக்குவதும், படகுத்துறை ஓரம் பையன்கள் தூண்டில் போடுவதும் இந்தக் கணக்கில்தான். இதே கணக்கோடு மலையடிவாரத்து அணைக்குப் போனால் தக்கை அசையாமல் கிடக்கும். அணை நீரில் ஓதம் கிடையாது. அங்கே மீனை மேலும் கீழும் நகர்த்துபவை வெயிலும் மின்நிலையமும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்தோடு அணைப்பக்கம் போய் ஓர் இரவு தங்கி மீன் பிடிக்கலாம் என்று நம் பக்கத்தில் பலரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். நல்ல ஆசை. போகும் முன்பு அந்த நீர் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த மாதம் போவது, எங்கே கூடாரம் அடிப்பது, பிள்ளைகளை எப்போது கரையிலிருந்து விலக்கி வைப்பது என்பதையெல்லாம் யாரிடமும் கேட்காமலே முடிவு செய்யலாம்.

நான் சொல்லும் இடம் தொடுபுழைக்கு அப்பால் முட்டத்தில் இருக்கும் மலங்கரா அணை. காலையில் தோப்பும்படி பாலம் தாண்டினால் மூவாற்றுப்புழை வழியாக மதியத்துக்கு முன் நிதானமாகப் போய்ச் சேரலாம். பக்கம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அந்த நீர் நமக்கு ஏற்கெனவே பழக்கமானது.

அதன் வழியைப் பாருங்கள். குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே நிற்கும் இடுக்கி வளைவு அணை பெரியாற்றைத் தடுக்கிறது. உயரம் 168.91 மீட்டர். திட்டம் 1976 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அங்கே முழுக் கொள்ளளவு மட்டம் 2403 அடி, அதாவது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 732 மீட்டர். அந்த நீர் பெரியாற்றுக்கே திரும்புவதில்லை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்துக்கு இறங்கி, தலா 130 மெகாவாட் திறனுள்ள ஆறு இயந்திரங்களைச் சுற்றிவிட்டு, தொடுபுழை ஆற்றில் வெளியே வருகிறது. அங்கிருந்து மலங்கரா. அங்கே மட்டம் சுமார் 42 மீட்டர். பிறகு மூவாற்றுப்புழை ஆறு. பிறவம் அருகே பாழூரில் அதன் ஒரு பகுதியைப் பம்பு செய்து மரடு சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்து, மேற்குக் கொச்சிக் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். 2023 தொடக்கத்தில் பாழூர் பம்புகள் பழுதானபோது நம் தெருக்கள் டேங்கர் லாரிக்குக் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மீதி நீர் வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. ஆகவே மலங்கரா கரையில் சோப்பு போட்டுப் பாத்திரம் கழுவாதீர்கள், பிளாஸ்டிக்கை விட்டுவராதீர்கள் என்று நான் சொன்னால், அது உங்கள் வீட்டுக் குடத்துக்காகவும்தான்.

மூலமற்றத்திலிருந்து ஆண்டு முழுவதும் நீர் வருவதால் மலங்கராவில் மட்டம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. மற்ற அணைகளில் ஏப்ரலுக்குள் நீர் பல மீட்டர் வற்றி, கரை முழுக்கச் சேறும் மரக்கட்டைகளுமாகிவிடும். சிறு பிள்ளைகள் கால் வைக்கவே முடியாது. பூதத்தான்கெட்டு இன்னொரு விதம். மழைக்காலத்தில் மதகுகளைத் திறந்து வைத்திருப்பார்கள். அப்போது அது ஆறு. மழை ஓய்ந்து மதகுகளை இறக்கிய பிறகுதான் அது ஏரி. படகுச் சவாரியும் அப்போதுதான். பக்கத்தில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயம். சாலிம் அலியின் ஆய்வுகளைத் தொடர்ந்து 1983-ல் அமைந்தது. பகலில் பறவை பார்க்க அற்புதமான இடம். ஆனால் அந்தக் கரையில் யானை இறங்கும். அங்கே இரவு கூடாரம் வேண்டாம்.

இப்போது மீனுக்கு வருவோம்.

அணைக்குப் போகிற கடலோரத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வார்கள். பெரிய மீன் ஆழத்தில் இருக்கும் என்று ஈயக்குண்டைக் கட்டி, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுவார்கள். மதியம் முழுவதும் ஒன்றும் கடிக்காது. காரணம் நீரின் அடர்த்தியில் இருக்கிறது. 4 டிகிரி செல்சியஸில் நீர் மிக அடர்த்தியானது. அதற்கு மேல் சூடேற ஏற லேசாகும். ஆனால் ஒரே அளவில் லேசாவதில்லை. 4-லிருந்து 5 டிகிரிக்குப் போகும்போது உண்டாகும் வேறுபாட்டைவிட, 29-லிருந்து 30-க்குப் போகும்போது உண்டாவது முப்பது மடங்குக்கும் அதிகம். குளிர்நாட்டு ஏரியில் பல டிகிரி வித்தியாசம் செய்யும் வேலையை நம் ஊரில் இரண்டு மூன்று டிகிரியே செய்துவிடும். வெயிலில் சூடான மேல்நீர் லேசாகி மேலேயே நிற்கும். குளிர்ந்த நீர் கீழே தங்கும். இரண்டும் கலப்பதில்லை.

கலக்காவிட்டால் என்ன? கீழ்நீருக்குக் காற்று கிடைக்காது. நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகத்தான் கரையும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் சுமார் 7.5 மில்லிகிராம். அதே ஒரு லிட்டர் காற்றில் இருப்பது ஏறக்குறைய 270 மில்லிகிராம். அடியில் அழுகும் இலையும் சேறும் அந்தக் கொஞ்சத்தையும் தீர்த்துவிடும். ஆழமான வெப்பமண்டல நீர்த்தேக்கங்களின் அடித்தட்டில் மீனுக்கு மூச்சு விட வழியில்லாமல் போவது இப்படித்தான். பெரும்பாலான மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். நீங்கள் சிரமப்பட்டு எறிந்த ஈயக்குண்டு, மீன் இல்லாத அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

மலங்கரா அவ்வளவு ஆழமில்லை, நீரும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் அடுக்குகள் இவ்வளவு கெட்டியாக நிற்பதில்லை. பதிலுக்கு அங்கே வேறொன்று பார்க்கக் கிடைக்கும். குளிர்ந்த ஆற்றுநீர் வெதுவெதுப்பான ஏரிநீரைச் சந்திக்கும் இடத்தில் மேலே ஓடாமல் கீழே மூழ்கும். மூழ்கும் கோட்டில் நுரையும் சருகும் ஒரு வரிசையாக ஒதுங்கி நிற்கும். கரையில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும். ஆறு அடித்துவரும் பூச்சியும் விதையும் அங்கேதான் சேரும், அதைத் தின்ன வரும் சிறு மீனும் அங்கேதான் வரும். பிள்ளைகளிடம் அந்தக் கோட்டைக் காட்டி, அதன் ஓரமாகத் தக்கையைப் போடச் சொல்லுங்கள். நேரம் விடியலும் பொழுது சாயும் முன்பும். மெல்லிய தங்கூசி நரம்பு, சின்ன முள், மண்புழு அல்லது சப்பாத்தி மாவு போதும். விலையுயர்ந்த ரீல் எதுவும் தேவையில்லை.

முதலில் மாட்டுவது பெரும்பாலும் திலாப்பியாவாக இருக்கும். தென்கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு, இன்று நம் நீர்நிலைகளில் எங்கும் நிறைந்த மீன். மொசாம்பிக் திலாப்பியாவின் தாய் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கும்வரை ஏறக்குறைய மூன்று வாரம், இரை எடுப்பதும் அருமை. தாடை உப்பிய மீன் ஒன்று அகப்பட்டால் நீர் நிரப்பிய வாளியில் விட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். வாய் திறந்ததும் புள்ளி புள்ளியாகக் குஞ்சுகள் வெளியேறி, நிழல் பட்டதும் திரும்பவும் உள்ளே நுழையும். எந்தப் பாடப்புத்தகமும் ஒரு பத்து வயதுக் குழந்தைக்கு உயிரியலை இவ்வளவு நன்றாகச் சொல்லித் தராது.

இருட்டிய பிறகு வருவது கெளுத்தி வகை, நம் பக்கத்தில் கூரி. மீசையால் தடவி இரை தேடுவதால் அதற்கு வெளிச்சம் வேண்டாம். அதன் மார்புத் துடுப்பு முட்களில் நஞ்சு உண்டு. தூண்டிலிலிருந்து பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை முக்கி வையுங்கள். அந்த நஞ்சு சூட்டில் சிதையும் புரதம் என்பதால் வலி குறையும். சுடுநீர் ஆறியபின் வலி விடவில்லையென்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஜூன், ஜூலையில் போகாதீர்கள். இடவப்பாதி மழை இறங்கியதும் வராலும் கூரியும் பரலும் சினை வயிற்றோடு ஓடைகளிலும் வயல்களிலும் எதிர்நீச்சல் போட்டு ஏறும். அந்த நேரத்தில் வழிமறித்துப் பிடிப்பதைத்தான் கேரளத்தில் ஊத்தப்பிடுத்தம் என்கிறார்கள். ஒரு மீனைப் பிடிக்கும் இடத்தில் ஒரு தலைமுறையைப் பிடிக்கிறோம். மீன்வளத்துறை அதைத் தடுக்கிறது, தடுப்பது சரியே. வெடி, விஷம், மின்சாரம் கொண்டு பிடிப்பது 2010-ம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி எந்த மாதத்திலும் குற்றம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுத் தொட்டியிலிருந்தோ காயலிலிருந்தோ உயிர்மீனை இரைக்காகக் கொண்டுபோய் அணையில் விடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் தென்னமெரிக்காவின் அரபைமா வலையில் சிக்கியது. வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய மீன் அது. பெரியாற்று நீர்ப்பரப்பில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன் வகைகள் இருக்கின்றன. வந்தேறிகளோடு போட்டி போட அவற்றால் முடியாது.

அக்டோபர், நவம்பரும் ஏப்ரல், மே மாதங்களும் இடி மின்னல் காலம். மலையடிவாரத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மேகம் திரளும். மதியம் 2 முதல் இரவு 10 வரை கவனமாக இருக்கச் சொல்லித்தான் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கை விடுகிறது. இன்றைய தூண்டில் கம்புகள் பல கார்பன் இழையால் ஆனவை, மின்சாரம் கடத்துபவை. திறந்த நீரோரத்தில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பவர்தான் அங்கே மிக உயரமான பொருள். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிகவும் ஏற்றது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. இரவு இதமாக இருக்கும், வானம் தெளிவாக இருக்கும்.

கூடாரம் அடிக்கும் இடத்தில்தான் மிகப் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. மூலமற்றத்துக்கும் மலங்கராவுக்கும் இடையே ஆற்றங்கரை மிக அழகானது. பாறை, மணல், முழங்கால் அளவு நீர். அங்கே கூடாரம் அடிக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் மாநிலம் முழுக்க விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்கும். தேவை உயர்ந்ததும் மின்நிலையத்தில் இயந்திரங்கள் கூடுதலாக ஓடும். அந்த நீரெல்லாம் இதே ஆற்றுக்குள்தான் வரும். ஒரு துளி மழையில்லாமல், வானத்தில் மேகமில்லாமல் ஆறு உயரும். பகலில் பிள்ளைகள் நின்ற பாறை கண்ணெதிரே மூழ்கும். இந்த ஆற்றில் உயிர்கள் போயிருக்கின்றன. ஏரிக்கரையிலும் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே, அனுமதி பெற்ற தோட்டத்திலோ தங்குமிடத்திலோதான் கூடாரம். அணைக்கட்டு, மதகு, மின்நிலைய வெளிவாய் அருகே தூண்டிலும் வேண்டாம், குளியலும் வேண்டாம்.

குளியல் பற்றி ஒரு வார்த்தை. 2024-ல் கேரளத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட அமீபா மூளைக்காய்ச்சல், வெதுவெதுப்பான நன்னீரின் அடிச்சேற்றில் வாழும் உயிரியால் வருவது. குடித்தால் வராது. பெரும்பாலும் மூக்கு வழியாக நீர் ஏறினால்தான் வரும். மிக அரிதானது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். தேங்கிய ஆழமற்ற நீரில் பிள்ளைகள் தலைமுழுகவும் குதிக்கவும் விடாதீர்கள். காலில் புண் இருந்தால் நீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரக்கூடும்.

பிடித்த மீனைச் சமைக்கும்வரை ஐஸில் வையுங்கள், மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு. இது தோப்பும்படி துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட முடிந்த அளவுக்கு மேல் பிடிக்காதீர்கள். நாட்டு மீன் சிறிதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், பிறகு நோய் தொற்றி மீன் சாகும்.

கிளம்பும் நாள் காலையில் அணை நீர்மட்ட அறிவிப்பையும் வானிலை எச்சரிக்கையையும் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் வண்டியில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே புறப்படுங்கள்.