கணப்படுப்பின் மேல் நின்ற களிமண் மாந்தர்: ஸ்ரஃபோட்ஷயர் உருவங்களை இனங்காணலும் மதிப்பிடலும்

குடும்பத்தின் மூத்தவரொருவர் மறைந்தபின் அவர் வாழ்ந்த வீட்டை ஒழிக்க நேரும்போது, காணி, வீடு, நகை, வைப்புப் பணம் ஆகியவற்றைப் பங்கிடுவதற்குச் சட்டமும் வழக்கமும் வழிகாட்டுகின்றன. ஆயின், அலுமாரியில் ஆண்டுக்கணக்காகத் தூசு படிந்து நிற்கும் சிறு உருவங்களைப் பற்றி எவருக்கும் தெளிவான எண்ணம் இருப்பதில்லை. இவை எவை, இவை என்ன விலை பெறும் என்னும் இரு வினாக்கள் அப்போது எழுகின்றன. பெரும்பாலும் இரண்டாவதே முதலிற் கேட்கப்படுகின்றது. பிரித்தானியாவில் இவ்வாறு உறவினர்வழி வந்துசேரும் பொருள்களுள் மிகப் பரவலான ஸ்ரஃபோட்ஷயர் மண்ணுருவங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இங்கிலாந்தின் ஸ்ரஃபோட்ஷயர் மாவட்டத்து வடபகுதியில் பேர்ஸ்லெம், ஹான்லி, ரன்ஸ்ரல், லோங்ரன், ஃபென்ரன், ஸ்ரோக் என்னும் ஆறு ஊர்கள் 1910 இல் ஒரே நகராட்சியாக இணைக்கப்பட்டன. சூளைக்கு வேண்டிய நிலக்கரி அங்கேயே கிடைத்தமையே மட்பாண்டத் தொழில் அங்கு நிலைகொண்டமைக்குத் தலையாய காரணம். வெண்மையான களிமண் தெற்கேயிருந்து வரவேண்டியிருந்தது. 1777 இல் நிறைவுற்ற ரிரென்ற் - மேர்சி கால்வாய் அதன் போக்குவரத்தை மலிவாக்கிற்று. செல்வர் மாளிகைகளை அணிசெய்த ஜேர்மனியப் பீங்கான் உருவங்களை வாங்க வகையற்ற மக்களுக்காக, இவ்வூர்களின் சிறு பட்டறைகள் மலிவான மண்ணுருவங்களை வார்த்தன. 1840 இல் விக்ரோறியா மகாராணியின் திருமணத்தையொட்டி இவ்வுற்பத்தி பெருகியது. உருவம் கணப்படுப்பின் மேற்றட்டில் சுவரோடு சாய்ந்தே நிற்கும். பின்புறத்தை எவரும் பார்ப்பதில்லை. ஆதலால் பின்புறம் தட்டையாகவும் நிறந்தீட்டப்படாமலும் விடப்பட்டது. சிலர் இதனைக் கலைக்குறை என்பர். கூலியையும் நிறத்தையும் மிச்சப்படுத்திய பொருளாதார ஏற்பாடு என்பதே பொருந்தும்.

அத்தட்டின் மேல் யார் யார் நின்றனர் என்பதே இவற்றின் சமூக வரலாற்று முக்கியத்துவம். அரச குடும்பத்தினர் ஒருபுறம். இத்தாலிய விடுதலை வீரன் கரிபால்டி மறுபுறம். 1852 இல் நூலாக வெளிவந்த 'அங்கிள் ரொம்ஸ் கபின்' நாவலின் மாந்தரும் உருவாயினர். நஞ்சூட்டிக் கொன்று 1856 இல் தூக்கிலிடப்பட்ட மருத்துவன் வில்லியம் பாமரின் வீடுகூட மண்ணில் வார்க்கப்பட்டு விலைப்பட்டது. 1857 இன் இந்தியப் பேரெழுச்சியை அடக்கிய ஹவ்லொக், கொலின் கம்பெல் ஆகிய தளபதிகளும் இவ்வரிசையில் உளர். முற்றுகையிடப்பட்ட லக்னோவில், மீட்புப் படையின் குழலொலியை யாவர்க்கும் முன் கேட்டதாகக் கட்டிவிடப்பட்ட கதையின் நாயகியான 'ஹைலண்ட் ஜெஸி'யும் அவர்களுடன் நிற்கிறாள். பேரரசு தன் குடிமக்களின் அடுப்பங்கரைவரை சென்று தன் நியாயத்தை உரைத்த ஊடகங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

இனி, கைக்கு வந்த உருவம் பழையதா, பிற்காலப் படியா என்பதை அறியும் வழியை நோக்குவோம். இங்கு முதலிற் பார்க்கவேண்டியது முகத்தையன்று, அடியை. பழைய முறையில், தகடாக்கிய களிமண்ணைப் பாரிசுச் சாந்து அச்சின் இரு பாதிகளிலும் விரலால் அழுத்தி, பின்னர் இணைத்தனர். இதனால் சுவர் தடித்தும் சீரற்றும் இருக்கும். கையில் எடுத்தால் பாரம் தெரியும். சூளையிற் காற்று வெளியேற ஊசித்துளை போன்ற சிறு துளையொன்றே இடப்பட்டிருக்கும். பிற்காலப் படிகள் பலவும் நீர்த்த களிக்கூழை அச்சினுள் ஊற்றி வார்க்கப்பட்டவை. அவை மெலிந்தவை, பாரங்குறைந்தவை. அடியில் பென்சில் நுழையத்தக்க பெருந்துளை காணப்படும். முகத்தின் நுண்கோடுகளும் மழுங்கியிருக்கும்.

நிறமும் சான்று பகரும். மினுக்கத்தின் கீழ் இடப்பட்ட செறிந்த கோபால்ற்று நீலம் பெரும்பாலும் 1840க்கும் 1860களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட உருவங்களிற் காணப்படுவது. மினுக்கத்தின் மேலே தீட்டிய கருநிறம் முதலியன காலப்போக்கில் உதிரும். ஆகவே சிறிது உதிர்ந்திருப்பது குற்றமன்று. பழைய பொற்பூச்சு மென்மையும் தேய்வும் உடையது. கண்ணாடிபோற் பளபளக்கும் திரவப் பொன் 1880களின் பின்னரே பரவியது. மயிரிழை வெடிப்புகள் மேற்பரப்பெங்கும் ஒரே அளவாக அமைந்து, அவற்றினுள் கபில நிறம் ஊட்டப்பட்டிருப்பின் ஐயுறவேண்டும். முதுமை அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

முத்திரையைத் தேடுவோர் பலர். ஸ்ரஃபோட்ஷயர் உருவங்களிற் பெரும்பாலானவை முத்திரையற்றவை. அமெரிக்காவின் 1890 ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம், இறக்குமதிப் பண்டங்களில் தோற்ற நாட்டின் பெயர் பொறிக்கப்படவேண்டும் என விதித்தது. எனவே 'இங்கிலாந்து' என அடியில் ஆங்கிலத்திற் பொறித்த உருவம் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியதே. அடியில் எழுத்துக் கண்டு மகிழ்பவர் உண்மையில் வருந்தவேண்டியவர்! பழைய அச்சுகளே மீண்டும் பயன்பட்டமை சிக்கலை மேலும் கூட்டுகிறது. பேர்ஸ்லெமில் வில்லியம் கென்ற் நிறுவனம் பழைய அச்சுகளைக்கொண்டு 1962 வரை உருவங்களைச் செய்துவந்தது. பெயர்ப் பொறிப்பையும் முற்றாக நம்புதற்கில்லை. பெஞ்சமின் பிராங்கிளினின் உருவத்தின் அடியில் வாஷிங்ரன் எனப் பெயரிட்டு விற்றனர். வாங்கியவர் இருவரையும் கண்டதில்லையே!

விலை என்பது ஒன்றன்று. காப்புறுதிக்காகக் கூறப்படுவது, அதேபோன்ற பொருளைக் கடையில் மீண்டும் வாங்க ஆகும் தொகை. ஏலத்தில் கிடைப்பது அதனினும் குறைவு. அதிலும் ஏலகாரரின் தரகு கழியும். இறந்தவரின் உடைமைக்கு வரி கணிக்கையில் பிரித்தானியாவின் 1984 ஆம் ஆண்டுச் சட்டம் கருதுவது, இறப்பு நாளில் திறந்த சந்தையில் பெறக்கூடிய விலை. மூன்றையும் குழப்பிக்கொண்டு உடன்பிறந்தோர் பிணங்குவதற்கு இடமுண்டு. பொதுவாக, அரிய மனிதரின் உருவமும் பழுதற்றதும் உயர்விலை பெறும். இணையாக விற்கப்பட்ட நாயுருவங்கள் போன்றவற்றை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வது பெருந்தவறு. இணையின் விலை தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையை விஞ்சும். சாதாரண வகைகளின் சந்தை விலையோ இந்நூற்றாண்டில் வீழ்ந்தேயுள்ளது. பாட்டியார் பேணிக்காத்தமையால் அது விலைமிக்கது என்று கொள்வதற்கில்லை.

இவ்விலைக் கணக்குகள் எவற்றிலும் இடம்பெறாத ஒன்றுண்டு. 1863 இல் வெளியான சிறுவர் தொழில் ஆணைக்குழுவின் அறிக்கையிலிருந்து கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதற்பாகத்தில் இம்மட்பாண்ட ஊர்களைப் பற்றிய சாட்சியங்களை எடுத்தாள்கிறார். அவர் காட்டும் ஒன்பது வயதுச் சிறுவன் வேலைக்கு வந்தபோது ஏழு வயதும் பத்து மாதங்களும் நிரம்பியவன். அச்சிலிட்ட பாண்டங்களை உலர்த்தும் அறைக்குச் சுமந்து சென்று, வெற்று அச்சுகளுடன் ஓடிவருவது அவன் தொழில்; காலை ஆறு மணிமுதல் இரவு ஒன்பதுவரை. அச்சுச் சுமத்தல் பெரிதும் தட்டும் கிண்ணமும் செய்யும் பட்டறைகளுக்கு உரியதாயினும், உருவப் பட்டறைகளும் அதே ஊர்களில், அதே ஈய மினுக்கத்தோடும் தூசியோடும் இயங்கியவையே. அங்கு பணியாற்றிய மருத்துவர் ஆர்லிட்ஜ், குயவர்கள் குன்றிய உடலும் நெஞ்சுநோயும் உடையராய் இளமையிலேயே முதுமை எய்துவதைச் சான்றுரைத்தார். தொழிற்சாலைச் சட்டம் இத்தொழிலுக்கு விரிவாக்கப்பட்டது 1864 இலேயே. நுணுகி நோக்கின் சில உருவங்களின் கண்கள் கோணலாகவும் உதடு எல்லைகடந்தும் தீட்டப்பட்டிருக்கும். சேகரிப்போர் இதனை 'வெகுளி அழகு' எனப் போற்றுவர். நாளுக்கு எத்தனை முகம் தீட்டினால் எவ்வளவு கூலி என்ற கணக்கும் அக்கோணலில் உண்டு.

பிரைற்றனைச் சேர்ந்த ஹென்றி வில்லெற், எளிய மக்களின் மட்பாண்டங்களிலேயே ஒரு நாட்டின் வரலாற்றைக் காணலாம் எனக் கருதி, தமது சேகரத்தை ஆக்கியோன் பெயராலன்றிப் பொருளடிப்படையில் வகைப்படுத்தினார். 1899 இல் இலண்டன் பெத்னல் கிறீனில் காட்சிக்கு வைக்கப்பட்ட அச்சேகரம் இன்று பிரைற்றன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வீட்டில் உருவமொன்றைப் பெற்றவரும் இதனையே சிறிய அளவிற் செய்யலாம். விற்குமுன் அடியையும் பின்புறத்தையும் சேர்த்து ஒளிப்படம் எடுத்து, உயரத்தை அளந்து, யார் எப்போது எங்கே வாங்கினர், எந்த வீட்டில் எவருக்கருகில் நின்றது என்பதை, அறிந்த முதியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். ஒட்டுப்பசையால் உடைவைச் சரிசெய்ய முயலலாகாது. உதிர்ந்த நிறத்தை மீண்டும் தீட்டவும் ஆகாது. மென்துணியால் தூசு துடைத்தல் போதுமானது.