ஒரு கோடி செங்கல் வந்த வழி

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு ஒரு கோடி செங்கல் தேவைப்பட்டது. எஃகு மட்டும் 57,000 டன். இவ்வளவையும் இறக்கிவைக்க இடம் கிடையாது. மனையை விட்டுக் கால் எடுத்து வைத்தால் நெரிசல் மிகுந்த ஃபிஃப்த் அவென்யூ. அப்படியிருந்தும் 1930 மார்ச் 17-ல் எழத் தொடங்கிய 102 மாடிக் கட்டடம் 1931 மே 1-ல் திறப்புவிழா கண்டது. அந்த வேகத்தின் வேர், சாமான் உள்ளே வந்த வழியில் இருக்கிறது.

லாரியில் வரும் செங்கலைத் தெருவில் கொட்டி, கைவண்டியில் அள்ளிப்போவதுதான் அக்கால வழக்கம். ஒப்பந்ததாரர்களான ஸ்டாரெட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன் நிறுவனத்தார் லாரியைத் தரைத்தளத்துக்குள்ளேயே வரவழைத்தார்கள். செங்கல் ஒரு சரிவுப் பாதை வழியாக அடித்தளத்திலிருந்த பெரிய தொட்டிக்குள் விழும். தொட்டியின் அடிவாயைத் திறந்தால், கீழே தண்டவாளத்தில் நிற்கும் தள்ளுவண்டி நிரம்பும். அது அப்படியே லிஃப்டில் ஏறி, வேலை நடக்கும் மாடிக்குப் போகும். அங்கேயும் தற்காலிகத் தண்டவாளம் போட்டிருந்தார்கள்; கொத்தனாரின் பக்கத்தில் போய்த்தான் வண்டி நிற்கும்.

எவ்வளவு நுட்பமான கணக்கு! இறக்கிய சாமானை இன்னொரு முறை தூக்கி இடம் மாற்றினால் கூலி ஏறும். சுவர் ஓர் அங்குலமும் உயராது. கட்டுமானத் தள வரைபடம் போடுகிறவர் முதலில் ஒழிக்கப் பார்ப்பது இந்த இரண்டாம் தூக்கலைத்தான். கிரேன் எங்கே நிற்கும், அதன் கை எதுவரை எட்டும், லாரி எந்த வாசலில் நுழைந்து எதில் வெளியேறும் என்பவை முடிவான பிறகே கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் இடம் ஒதுக்குவார். அஸ்திவாரம் தோண்டும்போது போட்ட வரைபடம் பூச்சுவேலைக்கு உதவாது. கட்டத்துக்குக் கட்டம் மாற்றி வரைய வேண்டும்.

எம்பயர் ஸ்டேட்டுக்கு வேண்டிய எஃகு, பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்திலிருந்து வந்து, நியூஜெர்சியில் ஒரு கிடங்கில் காத்திருந்து, வேண்டிய வேளையில் ஆற்றைக் கடந்து வந்தது. எந்த மாடிக்கு, எந்த கிரேன் தூக்க வேண்டும் என்பதைத் துண்டுக்குத் துண்டு குறித்திருந்தார்கள். லாரிகளுக்கும் அன்றாடம் நேர அட்டவணை இருந்தது.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சாப்பாட்டு ஏற்பாடு. வேலை உச்சத்தில் இருந்தபோது அங்கே 3,000-க்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். மதியம் எல்லோரும் இறங்கி ஏறினால் லிஃப்டுகள் திணறும், அவர்களின் ஓய்வு நேரமும் அதிலேயே கரையும். அதனால் கட்டடம் வளர வளர, மேல்மாடிகளிலேயே உணவகங்களைத் திறந்துகொண்டு போனார்கள்.