கிழிந்த செவிப்பறைக்கு ஒட்டுப் போடலாம்!

காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள்

ஆட்டையாம்பட்டி என்றதும் நினைவுக்கு வருவது முறுக்கு. கையால் சுற்றிய முறுக்கு! சேலம் பக்கம் போகிறவர்கள் ஒரு பொட்டலமாவது வாங்கி வருவார்கள்.

அந்த ஊரில் முறுக்கு சுடும் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள்.

அடுப்பில் எண்ணெய் காய்கிறது. முறுக்கை போட்டதும் "சொர்" என்று இரைகிறது. இரைச்சல் அடங்கினால் முறுக்கு வெந்துவிட்டது என்று பொருள். அம்மா காதாலேயே பதம் கண்டுவிடுவாள்.

பக்கத்தில் 12 வயது மகள். அவளுக்கு அந்த இரைச்சல் சரியாகக் கேட்பதில்லை. "கண்ணு, அந்தத் தட்டை எடு" என்று அம்மா மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு "மந்தம்" என்று பெயர்.

அவள் மந்தம் அல்ல. சிறு வயது முதல் அவள் காதில் சீழ் வடிகிறது. செவிப்பறையில் ஓட்டை!

இப்படிப்பட்ட பிள்ளைகள் பல ஊர்களில் உண்டு. அவர்களுடைய குறையைப் பெரும்பாலும் தீர்க்க முடியும் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

காது கேட்பது எப்படி?

காதுத் துவாரத்தின் முடிவில் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அதுதான் செவிப்பறை. அதன் அகலம் சுமார் 1 சென்டிமீட்டர். கனமோ, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

சத்தம் பட்டதும் இந்தத் தோல் மேளம் போல அதிர்கிறது. அதன் பின்னால் மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. ஒன்று சுத்தியல் போல இருக்கும். ஒன்று கொல்லன் பட்டடை போல இருக்கும். மூன்றாவது, குதிரை ஏறுகிறவர் கால் வைக்கும் அங்கவடி போல இருக்கும். மனித உடம்பில் மிகச் சிறிய எலும்பு இந்த அங்கவடிதான். அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். அரிசி மணியில் பாதி!

எலும்புகள் அதிர்ச்சியை உட்காதுக்குக் கொண்டுபோகின்றன. உட்காது, முறுக்கைப் போலவே இரண்டரைச் சுற்றுச் சுற்றியிருக்கும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. அப்போதுதான் நமக்குக் கேட்கிறது.

மேளத்தோல் கிழிந்தால் மேளம் சரியாக ஒலிக்குமா? செவிப்பறையும் அப்படித்தான்.

ஓட்டை விழுவது ஏன்?

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாக இருக்கும். சளி பிடித்தால் கிருமி அந்த வழியாக ஏறிவிடும். நடுக்காதில் சீழ் கட்டும். செவிப்பறை உடைந்து சீழ் வெளியே வரும்.

முதல் தடவை பெரும்பாலும் தானாக ஆறிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் ஓட்டை நிலைத்துவிடும். ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு கொண்டு காது குடைவதாலும் ஓட்டை விழலாம். கன்னத்தில் ஓங்கி அறைந்தாலும் செவிப்பறை கிழியலாம். பிள்ளைகளை அடிப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

காது வலித்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஓட்டை உள்ள காதில் ஊற்றினால் அது நேரே நடுக்காதுக்குள் போய்விடும். சீழ் அதிகமாகும். எண்ணெய் முறுக்குக்கு, காதுக்கு அல்ல!

துர்நாற்றத்துடன் சீழ் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஒருவகை நோய் காதுக்குள் எலும்பையே அரித்துவிடும். முகம் கோணலாம். மூளைக்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பன்றிப் பையில் தொடங்கியது!

ஓட்டையை அடைக்கும் முயற்சி மிகப் பழமையானது. 1640-ல் ஜெர்மன் மருத்துவர் மார்க்கஸ் பான்சர் ஒரு குழாயின் முனையில் பன்றியின் மூத்திரப்பைத் தோலைக் கட்டி, காதுக்குள் வைத்துப் பார்த்தார்.

வெறுங்கண்ணால் அந்தச் சிறு துவாரத்துக்குள் வேலை செய்வது எளிதல்ல. 1921-ல் சுவீடன் நாட்டு டாக்டர் நைலேன் காது ஆபரேஷனுக்கு முதன்முதலாக மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்தினார். பிறகு பென்சிலின் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், ஸோல்னர் என்ற இரண்டு டாக்டர்கள் ஒட்டுப் போடும் முறையை வகுத்துக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் அது பரவியது.

ஆபரேஷன் எப்படி?

முதலில் மருந்து கொடுத்துக் காதைக் காய வைப்பார்கள். எவ்வளவு கேட்கிறது என்று கருவி வைத்துச் சோதிப்பார்கள்.

ஒட்டுப் போட வெளியிலிருந்து எதுவும் வேண்டியதில்லை. நோயாளியின் உடம்பிலேயே அது இருக்கிறது! காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டுப் பக்கம், தசையைப் போர்த்தியபடி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதில் சிறு துண்டு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி ஓட்டையின் மேல் பொருத்துகிறார்கள். அது நழுவாமல் இருக்க, தானே கரையும் பஞ்சு போன்ற பொருளை வைக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மயக்க மருந்து கொடுப்பதால் அப்போது வலி தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆபரேஷன் டாக்டர் கையில் இருக்கிறது. அதன் வெற்றியில் ஒரு பங்கு வீட்டார் கையில் இருக்கிறது.

கட்டுப் பிரித்ததும் "இன்னும் கேட்கவில்லையே!" என்று பலர் கலங்குகிறார்கள். கலங்க வேண்டாம். உள்ளே வைத்த பஞ்சு கரையச் சில வாரங்கள் ஆகும். அதுவரை காது அடைத்தது போலவே இருக்கும். கொஞ்சம் தலைசுற்றலாம். நாக்கின் ஒரு பக்கம் ருசி மாறலாம். இவை பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். ஆனால் காய்ச்சல், கடும் வலி, முகக் கோணல் கண்டால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளித்துவாரத்தில் வைக்க வேண்டும். டாக்டர் சொல்லும் வரை கிணற்றிலும் ஏரியிலும் குதிக்கக் கூடாது. மூக்கைப் பலமாகச் சிந்தினால் உள்ளிருந்து காற்று முட்டி ஒட்டு பெயர்ந்துவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தண்ணீர்க் குடமும் மாவு மூட்டையும் சில வாரங்கள் தூக்கக் கூடாது.

பெரும்பாலோருக்கு ஒட்டு பிடித்துக்கொள்கிறது. சிலருக்குப் பிடிக்காமல் போவதும் உண்டு. அவர்களுக்கு மறுபடியும் செய்யலாம்.

எல்லாச் செவிடும் இப்படித் தீருமா?

தீராது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் விசைத்தறி இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள் பலர். அந்த இரைச்சலில் கெடுவது உட்காது. போன உட்காது திரும்ப வளர்வதில்லை. ஒட்டுப் போட்டுப் பயன் இல்லை. தறிக்காரர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்வதே வழி.

பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு வேறு ஆபரேஷன் இருக்கிறது. உட்காதில் மின்கருவி பொருத்துகிறார்கள். அதைச் சிறு வயதிலேயே செய்து, பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால்தான் பேச்சு நன்றாக வரும். விலை உயர்ந்த இந்தக் கருவியை அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பெற்றிருக்கிறார்கள்.

ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறினால் சேலம். அங்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் சோதித்துச் சொல்வார்கள்.

முறுக்கு சுடும் வீட்டுக்குத் திரும்புவோம். அந்தப் பெண்ணுக்கு ஒட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது. எண்ணெய்ச் சட்டியில் இரைச்சல் அடங்குகிறது. அம்மா திரும்புவதற்குள் மகள் சொல்கிறாள்:

"அம்மா, முறுக்கு வெந்துடுச்சு!"